நாய்க்குத்தானே!

மாட்டுத் தீவனம் வாங்கும் குடியானவரை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அலங்காநல்லூர் வாடிவாசலுக்குக் காளை வளர்ப்பவர் பருத்திக்கொட்டை வாங்கப் புறப்பட்டால், மூட்டையின் வாயை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார், உள்ளங்கையில் தேய்க்கிறார், மோந்து பார்க்கிறார், ஒன்றிரண்டைப் பல்லால் கடித்தும் பார்க்கிறார். புண்ணாக்கில் பூசண வாடை சிறிது அடித்தாலும் கடைக்காரருடன் சண்டைக்கு நிற்கிறார். அவர் வீட்டு வாசலில் இரவெல்லாம் காவல் காக்கும் நாய்க்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "மிஞ்சினதைப் போடுகிறோம், நாய்க்குத்தானே!" என்ற பதில் உடனே வரும். நகரவாசிகளாகிய நாம் அவரைவிட மேலானவர்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வர்ணப் படம் போட்ட பை ஒன்றைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இருப்பாரா என்பது சந்தேகமே.

தேச விவகாரங்கள் எத்தனையோ காத்திருக்க, நாய்ச் சோற்றைப் பற்றிப் பேச இந்தப் பக்கத்தில் இடம் கொடுப்பதா என்று நமது நண்பர்கள் சிலர் பரிகசிக்கலாம். பரிகசிக்கட்டும். தமிழ்நாட்டின் பேர்பெற்ற நாய் இனங்களாகிய கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நான்கும் மதுரைக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள மலையடிவாரத்தையும் கரிசல் பூமியையும் தாயகமாகக் கொண்டவை. கோம்பை, தேனி ஜில்லா தனியாகப் பிரியும் வரையில் மதுரை ஜில்லாவின் ஊராகவே இருந்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தபால் இலாகா ராஜபாளையம் நாயின் உருவத்தைத் தபால்தலையில் பொறித்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி வானொலிப் பேச்சில் பிரதம மந்திரி இந்த இனங்களின் பெயரைச் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அது முதல் சிப்பிப்பாறைக் குட்டி எங்கே கிடைக்கும் என்று நம்மிடமே விசாரிப்பவர்கள் பலர். குட்டி கிடைத்துவிடுகிறது. கிடைத்த குட்டியின் எலும்பு தப்புகிறதா என்பதே நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி.

பிறரைக் குறை கூறுமுன் நமது குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. சென்ற ஆண்டு கோடையில் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துச் சிப்பிப்பாறைக் குட்டி நமது இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. முதலில் பாலும் சோறும் போட்டோம். பால் கழிச்சலை உண்டாக்கவே அதை நிறுத்தினோம். நல்ல ஜாதிக் குட்டிக்கு நல்ல ஆகாரம் கொடுக்க வேண்டுமென்ற எண்ணத்தில் நெல்பேட்டையிலிருந்து தினந்தோறும் ஆட்டுக்கறி வரவழைத்தோம். எலும்பு தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தால், கசாப்புக் கடைக்காரரிடம் சொல்லி எலும்பை முற்றும் நீக்கச் செய்தோம். கறியை வேகவைத்து வெள்ளைச் சோற்றில் பிசைந்து மூன்று வேளை வைத்தோம். குட்டி தட்டை நக்கித் துடைத்துவிட்டு நம்மை நிமிர்ந்து பார்க்கும். வீட்டில் எல்லோருக்கும் பரம திருப்தி.

ஐந்தாவது மாதத்தில் அதன் முன்கால்கள் வெளிப்புறமாக வளையத் தொடங்கின. மாடிப்படி ஏற மறுத்தது. இடுப்பைத் தொட்டால் கத்தியது. குட்டி கொடுத்தவர் ஜாதிக்குறைவான சரக்கைத் தள்ளிவிட்டார் என்று அவர்மேல் பழியைப் போட்டோம். ஒரு நாள் மாலை, ஒன்றரை அடி உயரத் திண்ணையிலிருந்து குதித்த குட்டி பின்னங்காலை ஊன்ற முடியாமல் அலறியது. கால்நடை வைத்தியர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "எலும்பு எது, சதை எது என்று உங்களுக்குத் தெரிகிறதா, சார்?" என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. எலும்பு அவ்வளவு மங்கியிருந்தது. "என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்றார். "முதல்தரமான கறி, டாக்டர்! எலும்பே கிடையாது" என்றோம், சிறிது பெருமையுடன். "அதுதான் வியாதி" என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வளரும் குட்டியின் ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் ஒன்றுக்கொன்று சரியளவில் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, இரண்டு பங்கு வரை அதிகமாகவோ இருக்கலாம். எலும்பு நீக்கிய கறியிலோ சுண்ணாம்புச் சத்தைப்போல் பதினைந்து, இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அரிசிச் சோறு இந்தக் குறையை நிரப்புவதில்லை. 100 கிராம் அரிசியில் உள்ள சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம் மட்டுமே. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததும், தொண்டையிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் குட்டியின் சொந்த எலும்பிலிருந்தே அதை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கின்றன. குட்டி கொழுகொழுவென்று இருக்கும்; எலும்பு மட்டும் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். கடன்காரன் வீட்டில் வெளிப்பூச்சு பளபளப்பாயிருக்க, உத்தரங்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்பது போன்ற நிலைமை இது.

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லையே, வெயிலில் விட்டால் எலும்பு தேறாதா என்று கேட்டோம். மனிதனுடைய தோல் வெயிலில் 'டி' வைட்டமினை உற்பத்தி செய்வதுபோல், நாயின் தோல் போதுமான அளவில் செய்வதில்லையாம். அது முட்டைக் கரு, மீன், ஈரல் முதலியவற்றின் மூலம் ஆகாரத்திலேயே வந்து சேர வேண்டும். சித்திரை வெயில் முழுவதையும் நமது குட்டி முற்றத்தில் படுத்துக் காய்ந்ததெல்லாம் வீணாயிற்று.

இவ்விடத்தில் சுதேசாபிமானிகள் குறுக்கிட்டு, நமது முன்னோர் நாய்களைக் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் ஊற்றித்தானே வளர்த்தார்கள் என்பார்கள். கேழ்வரகின் பெருமையை நாம் மறுப்பதற்கில்லை. அதில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியைப்போல் முப்பது மடங்குக்கு மேல். ஆனால் கணக்கு அபிமானத்துக்குக் கட்டுப்படுவதில்லை. வளரும் குட்டிக்கு, நீர் நீக்கிய ஆகாரம் ஒவ்வொரு 100 கிராமிலும் குறைந்தது 1,200 மில்லிகிராம் வேண்டுமென்று அமெரிக்கத் தீவன அதிகாரிகள் நிர்ணயித்திருக்கின்றனர். அதாவது, வெறும் கேழ்வரகுக் கூழ் தேவையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இருப்பதிலும் ஒரு பகுதியைச் சீரணிக்க விடாமல் கட்டிப்போடுகிறது. கம்பின் நிலைமை இதைவிட மோசம். சுண்ணாம்புச் சத்தில் அது கேழ்வரகுக்குக் கிட்டவும் வராது.

அப்படியானால் பழைய நாய்கள் எப்படி நிமிர்ந்து நின்றன? கூழ் அவற்றின் உணவில் பாதிதான். கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடித்த நாய்க்குத் தலையும் குடலும் எலும்பும் பங்காகக் கிடைத்தன. எலியையும் ஓணானையும் அது தானாகவே தேடிக்கொண்டது. கிராமத்து நாய் எவரையும் கேளாமலே எலும்பைக் கடித்துத் தனது சுண்ணாம்புச் சத்தைப் பெற்றது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. அது நியாயமான சட்டமே. ஆனால் வேட்டையை நிறுத்திய நாம், வேட்டையில் கிடைத்துவந்த பாதி உணவுக்கு ஈடு எதுவும் செய்யாமல், கூழை மட்டும் தொடர்ந்தோம். பிறகு கூழையும் விட்டு ரேஷன் அரிசிக்கு வந்தோம். நாய் அதே நாய்தான். அதன் தட்டு பாதியாகிவிட்டது.

தானியமே நாய்க்கு விரோதி என்று இப்போது சில மேனாட்டு வியாபாரிகள் பிரசாரம் செய்து, 'தானியமற்ற ஆகாரம்' என்று இரட்டை விலைக்கு விற்கிறார்கள். நமது நகரக் கடைகளிலும் அது வந்துவிட்டது. இதை நம்பி ஏமாற வேண்டாம். ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு 2013ஆம் ஆண்டு 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, மாவுச்சத்தைச் சீரணிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகளாக இருக்க, நாயிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதன் உழுது பயிரிடத் தொடங்கியபோது அவன் காலடியில் கிடந்த பிராணி, அவனுடைய கஞ்சியை உண்ணத் தன் உடம்பையே மாற்றிக்கொண்டுவிட்டது என்று விஞ்ஞானிகள் இதற்கு வியாக்கியானம் செய்கிறார்கள். மேலும், 2018ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு முதலியவற்றை முக்கியமாகக் கொண்ட தானியமற்ற ஆகாரங்களுக்கும் நாய்களின் இருதயம் வீங்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று விசாரிப்பதாக எச்சரிக்கை விடுத்தது. சம்பந்தம் உறுதியாக நிரூபணமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தானியத்தை விலக்க இரட்டை விலை கொடுப்பதற்கு எவ்விதக் காரணத்தையும் நாம் காணவில்லை.

இனிப் பையை எடுத்துக்கொள்வோம். நாய்க்கென்று தனியாகத் தின்பண்டம் செய்து விற்கும் யோசனை, 1860ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கருக்குத் தோன்றியது. கப்பல்காரர்கள் எறிந்த கெட்டிப் பிஸ்கோத்தைத் துறைமுகத்து நாய்கள் ஆவலோடு தின்றதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்பது வழங்கும் கதை. இன்று மதுரையில், எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் ஒரே கம்பெனியின் பெயரைச் சொல்லி 'பெடிக்ரி கொடுங்கள்' என்று கேட்கும் அளவுக்கு அந்த வியாபாரம் வளர்ந்திருக்கிறது.

பையில் அடைத்த ஆகாரத்தை நாம் கண்டிக்கப் போவதில்லை. நன்றாகத் தயாரித்த பையில், நமது குட்டிக்கு மறுக்கப்பட்ட சுண்ணாம்புச் சத்தும் 'டி' வைட்டமினும் அளவாக இருக்கின்றன. ஆயினும் பையில் உள்ளதைக் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ள முடியாது என்பதே அதன் தொல்லை. 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவிலும் கானடாவிலும் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாளத் தொடங்கின. கோடிக்கணக்கில் டப்பாக்களும் பைகளும் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. சோதனைச்சாலைகள் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று கணக்கிடுகின்றன. மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். பிளாஸ்டிக் செய்யும் பொருளைக் கலந்தவன் காகிதத்தில் புரதத்தை உயர்த்திக் காட்டிவிட்டான். நாய்தானே என்று உலகம் அதை மறந்தது. மறு வருஷம், 2008ஆம் ஆண்டில், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, ஆறு குழந்தைகள் இறந்தன.

அந்நிய நாட்டுக் கதை என்று ஒதுக்குவோருக்கு நமது தேசத்துக் கதை ஒன்றையும் நினைவூட்டுகிறோம். 1974ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில் ராஜஸ்தான், குஜராத் எல்லையிலுள்ள பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தது. வேறு தானியம் இல்லாத ஏழைகள் அதையே உண்டார்கள். கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்கள் தட்டில் மிஞ்சியதைத் தின்ற வீட்டு நாய்களும் அதே விதமாக வயிறு வீங்கி இறந்தன. பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷமே காரணம். வேகவைத்தாலும் அழியாத இந்த விஷத்துக்கு நாயின் கல்லீரல் மிகவும் எளிதில் பலியாகும். கீழமாசி வீதி மண்டிகளில் 'நாய்க்கு வேண்டும்' என்று சொன்னால் ஓரத்தில் கிடக்கும் குருணை மூட்டையைக் காட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். குருணையில் தப்பில்லை, உடைந்த அரிசியும் அரிசியே. ஈரவாடை அடிக்கும் குருணையையும், கறுத்த கடலையையும், பூத்த சோளத்தையும் 'நாய்க்குத்தானே' என்று வாங்குவதுதான் பாபம்.

வில்லங்கம் பாராமல் நிலம் வாங்குபவன் உண்டா? வக்கீல் தொழிலில் இருபது வருஷமாகப் பத்திரங்களைப் படித்துவரும் நாம், ஆகாரப் பையையும் ஒரு கிரயப் பத்திரமாகவே பாவித்துப் படிக்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். முகப்பில் உள்ள படமும் 'ராஜபோஜனம்', 'உயர்தரம்' போன்ற வார்த்தைகளும் யாரையும் கட்டுப்படுத்தாத வெற்று முகவுரை. ஷரத்துக்கள் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. முதலில், அது 'முழுமையான, சமச்சீரான' ஆகாரமா, அல்லது இடையில் கொடுக்கும் தின்பண்டம் மட்டுமா என்று பாருங்கள். பிறகு, எந்த வயதுக்கு என்று பாருங்கள். வளர்ந்த நாய்க்குத் தயாரித்ததைக் குட்டிக்குப் போடுவது நமது ஆட்டுக்கறித் தவறின் இன்னொரு உருவமே. வளர்ந்த நாய்க்கு நீர் நீக்கிய கணக்கில் நூற்றுக்கு 18 பங்கு புரதமும் 5.5 பங்கு கொழுப்பும், குட்டிக்கு 22.5 பங்கு புரதமும் 8.5 பங்கு கொழுப்பும் குறைந்தபட்சம் என்பது மேற்சொன்ன அமெரிக்க அதிகாரிகள் சங்கமாகிய ஆஃப்கோவின் நிர்ணயம். 'ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது' என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அச்சங்கம் அளவு வகுக்கிறதேயன்றி எந்தப் பையையும் சோதித்து அங்கீகாரம் வழங்குவதில்லை.

நீர் நீக்கிய கணக்கு என்றோமே, அதைச் சிறிது விளக்க வேண்டும். டப்பாவில் அடைத்த ஆகாரம் ஒன்றில் புரதம் 8 என்றும், உலர் ஆகாரப் பை ஒன்றில் 18 என்றும் அச்சிட்டிருந்தால், பையே மேல் என்று தோன்றும். டப்பாவில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். மிச்சமுள்ள 20 பங்கில் 8 புரதம் என்றால், நூற்றுக்கு 40 ஆகிறது. பையில் தண்ணீர் 10 பங்கு. 90இல் 18 என்றால் நூற்றுக்கு 20 தான். சேர்மானப் பட்டியலிலும் இதே தண்ணீர் வேலை செய்கிறது. சேர்மானங்கள் கலக்கும்போதுள்ள எடையின் வரிசையில் எழுதப்படுவதால், முக்கால் பங்கு தண்ணீராகிய பச்சைக் கோழி முதலிடம் பெறும். காய்ந்த பிறகு அது நாலாவது இடத்துக்கு இறங்கிவிடலாம். 'கோழி ருசி' என்பதற்கும் கோழிக்கும் உள்ள தூரமும் அதிகம். 'கோழி சேர்ந்தது' என்று எழுதுவதற்கு அமெரிக்காவின் விதிகளே நூற்றுக்கு 3 பங்கு கோழி போதுமென்கின்றன. ருசிக்கு அந்த அளவும் தேவையில்லை.

விலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒப்பிடுவதும் சரியான ஒப்பீடு அன்று. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,060 கலோரி வேண்டும். 100 கிராமில் 300 கலோரி உள்ள சரக்கில் அது 350 கிராம் தின்ன வேண்டும். 400 கலோரி உள்ளதில் 265 கிராம் போதும். மலிவுச் சரக்கு மாத முடிவில் மலிவாயிருக்கிறதா என்பதைக் கணக்குப் போட்ட பிறகே தீர்மானிக்க வேண்டும். சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு மேற்சொன்ன அளவும் அதிகம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது புஸ்தகங்களில் காணும் பொது விதி. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே வாய்த்த இனங்கள். கடைசி இரண்டு மூன்று விலாக்கள் தெரிவது அவற்றுக்கு அழகு. பக்கத்து வீட்டார் 'பட்டினி போடுகிறீர்களா?' என்று கேட்கிறார்களே என்று அவற்றைக் கொழுக்கவைப்பது தகாது.

பையை நம்பலாமா என்பதில் சட்டம் நமக்கு அதிகம் துணை செய்வதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், 'உணவு' என்ற பதத்துக்குக் கொடுத்துள்ள வரையறையிலிருந்து பிராணித் தீவனத்தை விலக்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு பொட்டலச் சரக்கு விதிகள் தயாரித்தவர் பெயர், விலாசம், நிகர எடை, மாதம், வருஷம், அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிடும்படி கட்டளையிடுகின்றன. உள்ளே இருப்பது நல்லதா என்பதைப் பற்றி அவை மௌனம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாய், பூனை ஆகாரத்துக்கென்றே 11968 என்ற எண்ணில் தரம் வகுத்து, 2019ஆம் ஆண்டில் புதிய பதிப்பும் வெளியிட்டது. நல்ல தரந்தான். ஆனால் பின்பற்றுவதும் பின்பற்றாததும் உற்பத்தியாளரின் சித்தம் என்ற விருப்பத் தரமாக அது வகுக்கப்பட்டது. அதைக் கட்டாயமாக்க வேண்டுமென்றும், பின்புறத்து ஷரத்துக்களை விற்பனையாகும் மாகாணத்தின் பாஷையிலும் அச்சிட வேண்டுமென்றும் சர்க்காரை நாம் கேட்கிறோம். நமது கிராமத்துக் குடியானவருக்குத் தமிழில் கொடுத்துப் பாருங்கள். பருத்திக்கொட்டையைக் கடித்துப் பார்ப்பதுபோல் அதையும் கடித்துப் பார்த்துவிடுவார்.

இந்தப் பத்திரமே இல்லாமல் செய்யும் வழக்கம் ஒன்று மதுரைக் கடைகளில் நடக்கிறது. இருபது கிலோ மூட்டையை அவிழ்த்து வைத்து, கரண்டியால் அள்ளிக் கால் கிலோ, அரைக் கிலோவாகச் சில்லறைக்கு விற்கிறார்கள். ஏழைகளுக்கு உபகாரமாயிற்றே என்பார்கள். தேதியும் சேர்மானமும் மூட்டையோடு போய்விடுகின்றன. நமது ஊர்ப் புழுக்கத்தில் திறந்த மூட்டையின் கொழுப்பு காறிப்போகிறது. மழைக்காலத்தில் பூசணமும் பிடிக்கிறது. சிறிய பையாக, மூடியதாக வாங்குங்கள். வீட்டில் திறந்த பின் பையோடு ஈயப் பாத்திரத்திலோ தகர டின்னிலோ இறுக மூடி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

வீட்டில் சமைத்தே போட விரும்புவோர் பலர். அவர்களுக்கு நாம் தடை சொல்லவில்லை. சோறு அல்லது கேழ்வரகு, நன்றாக வெந்த கோழி அல்லது மீன், முட்டை, வாரத்தில் சிறிது ஈரல், பூசணி அல்லது காரட் ஆகியவற்றுடன் சுண்ணாம்புச் சத்தைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும். ஒரு கோழிமுட்டை ஓட்டை வறுத்துப் பொடித்தால் அதில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, செலவு ஒன்றுமில்லை. நாயின் எடையையும் வயதையும் சொல்லிக் கால்நடை வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சமச்சீரான பை ஆகாரம் தின்னும் குட்டிக்கு அதன்மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுவது மறுகோடித் தவறு; ராஜபாளையம் போன்ற பெரிய இனங்களின் எலும்பு மிகையாலும் கோணும்.

பரோட்டாக் கடைச் சால்னா மட்டும் வேண்டவே வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் நமது நகரத்தின் தெருக்களில் மிச்சச் சால்னாவில் ஊறிய பரோட்டாவை நாய்களுக்குப் போடும் தர்மவான்கள் அநேகர். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே கேடு செய்யப் போதும். வெந்தாலும் விஷம் போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்குக் கேடு. கோம்பை நாய் பிறந்த அதே பள்ளத்தாக்கு அது என்பது வேடிக்கையான விஷயம். திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமென்று சமீப வருஷங்களில் சந்தேகிக்கிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. ஆகவே புளிக்குழம்புச் சோற்றையும் நாய்த் தட்டிலிருந்து விலக்கிவைப்பது நலம். வெந்த எலும்பு ஊசிகளாகப் பிளந்து குடலைக் குத்தும். கருவாட்டின் உப்பு மனிதனுக்கே அதிகம்.

ஆகாரத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழையதில் கால் பங்கு புதியதைச் சேர்த்து ஏழெட்டு நாட்களில் முழுவதும் மாற்ற வேண்டும். இதை நமக்கு வைத்தியர் சொல்லியிருந்தும், அவசரப்பட்டு மூன்று நாட்களில் மாற்றியதன் பலனை நமது வீட்டு முற்றம் அனுபவித்தது.

குட்டிக்கு இப்போது ஒரு வயது கடந்துவிட்டது. முறிந்த கால் கூடிவிட்டது. முன்கால்களில் இடது கால் நேராயிற்று; வலது காலின் கோணல் சிறிது நின்றுவிட்டது, இனி அது போகாது என்கிறார் வைத்தியர். வைகை மணலில் விட்டால் காற்றாய்ப் பறக்கிறது. திரும்பும்போது மட்டும் வலப்பக்கம் சற்றுச் சாய்கிறது.